பழைய கோல்மேன் ஸ்டவ்வைச் சரிசெய்து சின்ன டிரெய்லரில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கராஜ் சேல், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் இடத்தின் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு கோல்மேன் கேம்ப் ஸ்டவ் என்ற அந்தப் பச்சைப் பெட்டி பழக்கமானதுதான். சூட்கேஸ் மாதிரி மடியும். திறந்தால் இரண்டு பர்னர், முன்னால் தொங்கும் சிவப்பு டாங்க். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன டிரெய்லர் வாங்கியவர்களும், டியர்டிராப் என்ற கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரைத் தாங்களே கட்டிக்கொண்டவர்களும் இந்த ஸ்டவ்வைத் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கோல்மேன் 413, 425 வரிசைகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். திரவ எரிபொருளில் ஓடும் மற்ற பழைய கேம்ப் ஸ்டவ்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

413, 425 என்கிறார்களே, எது எனக்குச் சரி?

413 பெரியது, 425 சின்னது. ஒரு பர்னரில் குக்கர், பக்கத்தில் சாம்பார்ப் பாத்திரம் என்று நம் சமையல் செய்யப்போகிறீர்கள் என்றால் 413. காபி, தோசை, முட்டை என்று இரண்டு பேருக்கு மட்டும் என்றால் 425 போதும்; டிரெய்லரில் இடமும் மிச்சம். மூன்று பர்னர் உள்ள 426 ஒன்றும் உண்டு. சின்ன வண்டிக்கு அது வேண்டாத சுமை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, காலப்போக்கில் செய்த மாற்றங்களைக் குறிக்கும். 1960, 70களில் வந்த 413ஜி-தான் இன்று அதிகம் கண்ணில் படுவது. கோல்மேன் மடக்கு ஸ்டவ் முதலில் வந்தது 1923-இல், கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவிலிருந்து. நூறு வருடமாக அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதால்தான் இன்றும் வாஷர், ஜெனரேட்டர், மூடி எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. மாடல் எண்ணை எழுத்தோடு சேர்த்துச் சொல்லி வாங்குங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டாங்க், டாங்க், டாங்க். மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். வெளியே மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. உள்ளே லேசான பழுப்புப் படலம் இருந்தால் கழுவிவிடலாம். பொருக்குப் பொருக்காகத் துரு உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரித்திருந்தால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும்.

அடுத்து ஜெனரேட்டர். டாங்கிலிருந்து பர்னர் மேல் நீளும் குழாய் அது. வளைந்திருந்தால் மாற்ற வேண்டிவரும், அவ்வளவுதான். பெட்டி நசுங்கல், அழுக்கு, பழைய பன்றி இறைச்சிக் கொழுப்பு இதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டாம். விலை பேச அது நல்ல காரணம்.

கொண்டுவந்ததும் எரிபொருள் ஊற்றிப் பற்றவைத்துப் பார்க்கலாமா?

கூடாது. முதலில் வெறும் காற்றில் சோதனை. டாங்க் காலியாக இருக்கும்போதே வால்வை மூடி, பம்ப் அடித்துக் காற்றை ஏற்றுங்கள். மூடி, வால்வுத் தண்டு, பம்ப் இருக்கும் இடம், டாங்க்கின் மடிப்பு விளிம்பு எல்லா இடத்திலும் சோப்புத்தண்ணீர் தடவுங்கள். குமிழி வருகிற இடத்தில் வேலை இருக்கிறது. குமிழியே இல்லை, சில மணி நேரம் கழித்து மூடியைத் தளர்த்தும்போது உஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது என்றால், கையில் நல்ல ஸ்டவ் வந்திருக்கிறது.

மடிப்பு விளிம்பிலோ டாங்க்கின் உடம்பிலோ குமிழி வந்தால் அந்த டாங்க் முடிந்தது. ஈயம் வைத்து அடைக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா, எம்-சீல் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம். அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிற பாத்திரம் அது, மேலே தீ எரிகிறது. வேறு டாங்க் தேடுங்கள்.

டாங்க்குக்குள் லேசாகத் துரு இருக்கிறது. எப்படிக் கழுவுவது?

முதலில் பழைய எரிபொருளின் கசடை எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் கிடந்த பெட்ரோல், வார்னிஷ் போலக் காய்ந்து ஒட்டியிருக்கும். வினிகர் அதன் மேல் வேலை செய்யாது. கொஞ்சம் அசிட்டோன் ஊற்றிக் குலுக்கி, திறந்த வெளியில் கொட்டாமல் ஒரு டப்பாவில் பிடித்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உங்கள் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) அப்படி ஓர் இடம் இருக்கும்.

டாங்க் காய்ந்து அசிட்டோன் வாடை போனதும் வெள்ளை வினிகரை நிரப்பி, உள்ளே ஒரு சின்னச் சங்கிலியை விட்டுக் குலுக்குங்கள். பலர் நட்டு, ஸ்க்ரூ, துப்பாக்கி ரவை என்று போடுகிறார்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் அதை எடுப்பது தனி வேலை. சங்கிலியென்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடலாம். வால்வைக் கழற்றாமல் இதைச் செய்கிறீர்கள் என்றால் ஓர் இரவுக்கு மேல் வினிகரை விடாதீர்கள். வால்வு பித்தளை; அமிலம் நாள்கணக்கில் நின்றால் அதையும் தின்னும்.

அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். இந்தக் கட்டத்தில்தான் அவசரம் வேண்டும். கழுவிய இரும்பு, ஈரத்தில் அரை மணி நேரத்தில் மறுபடி செந்நிறமாகத் தொடங்கும். ஹேர் டிரையரால் சூடான காற்றை உள்ளே விட்டு உடனே காயவையுங்கள். ஆல்கஹால் ஊற்றி ஈரத்தை எடுக்கும் வழியும் நல்ல வழிதான். ஆனால் ஆல்கஹால் ஊற்றிய டாங்க் பக்கத்தில் ஹேர் டிரையரைக் கொண்டுபோகாதீர்கள், இரண்டில் ஏதாவது ஒன்று போதும்.

பம்ப் அடிக்கிறேன், எதிர்ப்பே இல்லை. காற்று ஏறவில்லை.

நம் ஊர் பம்ப் ஸ்டவ்வைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளக்க வேண்டாத சங்கதி. அதே லெதர் வாஷர், அதே வியாதி. தோல் காய்ந்து சுருங்கிவிட்டது. பம்ப் மூடியைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்து, வாஷரின் விளிம்பை விரலால் மெதுவாக விரித்து, எண்ணெயில் ஊறவிடுங்கள். பெரும்பாலான நேரம் புது வாஷரே தேவைப்படாது.

எந்த எண்ணெய் என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் வீட்டில் தேங்காய் எண்ணெயைத்தான் விட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். தூத்துக்குடியில் சரி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மிச்சிகனில் அக்டோபர் காலை எழுந்து பம்ப் அடித்தால் வாஷர் கட்டை மாதிரி நிற்கும். நல்லெண்ணெயும் மற்ற சமையல் எண்ணெய்களும் நாளாவட்டத்தில் பிசின் ஆகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தோலுக்கென்றே விற்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் இன்னும் நல்லது.

காற்று ஏறுகிறது, ஆனால் பம்ப் தண்டு தானாக மேலே வருகிறது, அல்லது பம்ப் வழியாகப் பெட்ரோல் வாடை வருகிறது என்றால், கோளாறு வாஷரில் இல்லை. அடியில் இருக்கும் செக் வால்வில். உள்ளே ஒரு குட்டிக் குண்டு, காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுப்பது, அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், பல வருடம் இறுகியிருந்தால் சாவியோடு மல்லுக்கட்டவும் வேண்டும். கழற்றுவதற்கு முன் கார்புரேட்டர் கிளீனரைப் பம்ப் குழாய்க்குள் கொஞ்சம் அடித்து ஊறவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்ப் குமிழின் நடுவில் ஒரு துளை இருக்கும். குமிழை இடப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். முடிந்ததும் வலப்பக்கம் திருப்பி இறுக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல வாஷரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

டாங்க் மூடியை மாற்ற வேண்டுமா?

உள்ளே இருக்கும் ரப்பர் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தால், ஆமாம். பெட்ரோல் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். நைட்ரைல் அல்லது விட்டான். சைக்கிள் டியூபை வெட்டி வைக்காதீர்கள். ஸ்டவ் வேலையில் மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால் நான் மூடியைத்தான் காட்டுவேன்: கசிந்தால் ஆவி நேராகத் தீயின் பக்கம் போகும். புது மூடி விலை அதிகமில்லை.

ஜெனரேட்டர் என்றால் என்ன, அதை எப்படிச் சுத்தம் செய்வது?

மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரவமாக வரும் எரிபொருளை ஆவியாக்கும் பித்தளைக் குழாய் அது. முதன்மை பர்னரின் தீ அந்தக் குழாயைச் சுட வைக்கிறது, உள்ளே ஓடும் எரிபொருள் ஆவியாகி நுனித் துளை வழியாகப் பீய்ச்சுகிறது. அதனால்தான் இந்த ஸ்டவ்வில் எப்போதும் முதன்மை பர்னரை முதலில் பற்றவைக்க வேண்டும். இரண்டாவது பர்னர் அதன் தயவில் ஓடுவது. தனியாக அதை மட்டும் எரிக்க முடியாது.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றுவோமே, இதில் அந்த வேலை இல்லை. இதன் எரிபொருள் சுலபமாக ஆவியாகக்கூடியது. தொடக்கத்தில் கொஞ்சம் காற்றைக் கலந்து அனுப்ப ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை மேலே வைத்துப் பற்றவைத்து, தீ நீலமானதும் கீழே தள்ளிவிட வேண்டும். பலர் கீழே தள்ள மறந்துவிட்டு, தீ வலுவாக எரியவில்லை என்று ஜெனரேட்டரைக் கழற்றுகிறார்கள்.

உண்மையிலேயே அடைத்திருந்தால், நட்டைத் தளர்த்தி ஜெனரேட்டரை எடுத்து, உள்ளே இருக்கும் சுருள் கம்பியையும் ஊசியையும் மெதுவாக உருவுங்கள். கரியாக இருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்க்கலாம். நுனித் துளையில் தையல் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதானால் தீ மஞ்சளாகி, கரி கக்கி, ஜெனரேட்டர் திரும்ப வராது. திருப்பி மாட்டும்போது பித்தளை என்பது நினைவில் இருக்கட்டும்: இறுக்கமாக, ஆனால் பலம் காட்டாமல்.

இன்னொரு எச்சரிக்கை இங்கேயே. பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த வகை உண்டு. டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருக்கும். அதைக் கொண்டு பர்னர் பாகங்களைக் கழுவாதீர்கள். ஈரம் மிச்சமிருந்து சூடானால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

தீ மஞ்சளாகவே எரிகிறது.

முதல் ஒரு நிமிடம் மஞ்சள் சகஜம். அதற்குப் பிறகும் நீலமாகவில்லை என்றால் காற்று போதவில்லை. பர்னருக்குப் போகும் குழாயில் சிலந்தி வலை அல்லது மண்குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்; கராஜில் பல வருடம் கிடந்த ஸ்டவ்களில் இதுதான் முதல் சந்தேகம். பர்னர் தலையில் தட்டையும் நெளியுமாக மாறி மாறி அடுக்கிய வளையங்கள் இருக்கும், நடுவில் ஒரு திருகு. கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள், அடுக்கு மாறினால் தீ வட்டமாக வராது. கழுவிய வளையங்களை உடனே துடைத்துக் காயவையுங்கள்.

பெட்டிக்குள் குப்பென்று பெரிய தீ எழும்பினால், தீக்குச்சிக்கு முன்னால் வால்வைத் திறந்துவிட்டீர்கள் என்று பொருள். குச்சி முதலில், வால்வு பிறகு.

புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். நான் அடிக்க மாட்டேன். அந்தப் பச்சையும் அதன் கீறல்களும் எனக்குப் பிடிக்கும், தவிர வேலை செய்யும் ஸ்டவ்வுக்குப் பெயிண்ட் ஒரு பயனும் தருவதில்லை. துருவை நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் எஞ்சின் எனாமல் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். உலர்ந்த நிலையில் மணல்காகிதம் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். ஈரத்தில் தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எந்த எரிபொருள்?

வைட் கேஸ். கேம்பிங் கடைகளில் ஒரு கேலன் டப்பாவில், கோல்மேன் ஃப்யூயல் என்ற பெயரில் கிடைப்பது அதுதான். கார் பெட்ரோலில் கலக்கும் சேர்மானங்கள் இல்லாத நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருள். பெட்ரோல் பங்க்கில் விற்கும் கார் பெட்ரோலைப் பழைய மாடல்களில் ஊற்றினால் எரியும், ஆனால் அதில் இருக்கும் சேர்மானங்கள் ஜெனரேட்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும், புகையும் கெட்டது. கார் பெட்ரோலும் ஏற்கும்படி செய்த மாடல்கள் பிற்பாடு வந்தன. அவற்றில் அதை எழுதியே இருக்கும். மண்ணெண்ணெய் இதில் எரியாது.

டாங்க்கை முழுக்க நிரப்பக் கூடாது. காற்று நிற்க இடம் வேண்டும், அந்தக் காற்றுதான் எரிபொருளைத் தள்ளுவது.

கேஸ் சிலிண்டருக்கு மாற்றிவிட்டால் சுலபம்தானே?

சுலபம்தான். டாங்க்கும் ஜெனரேட்டரும் இருக்கும் இடத்தில் ரெகுலேட்டரோடு கூடிய ஒரு குழாயைச் செருகி, மறுமுனையில் சின்னப் பச்சை புரோப்பேன் சிலிண்டரைத் திருகினால் முடிந்தது. டாங்க் கெட்டுப்போன ஸ்டவ்வுக்கு இதுவே சரியான வைத்தியம். பம்ப் அடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும். எரிபொருளைச் சிந்தும் பயம் இல்லை, சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். காலி சிலிண்டர் குப்பை சேர்வதுதான் சங்கடம். டாங்க்கில் ஊற்றுவதற்கு அந்தத் தொல்லை கிடையாது.

டிரெய்லருக்குள் வைத்துச் சமைக்கலாமா? வெளியே மழை.

இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால்? அப்போதும் இல்லை. குளிருக்கு ஐந்து நிமிடம் மட்டும்? அதற்கும் இல்லை.

எந்தத் தீயும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் வாடையும் கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். சின்ன டிரெய்லரில் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு என்பதால் நேரமும் குறைவு. இரண்டாவது ஆபத்து எரிபொருளின் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து மெத்தைக்கு அடியில் போய் நிற்கும். வண்டிக்குள்ளேயே பொருத்திய கேஸ் அடுப்பு இருக்கும் டிரெய்லர்கள் வேறு சங்கதி. அவற்றுக்குக் காற்றுப்போக்கு வைத்தே கட்டியிருக்கிறார்கள். இந்தப் பச்சைப் பெட்டி வெளியே வைத்துச் சமைக்கவே செய்தது.

மழைக்கு ஒரு தார்ப்பாயை உயரமாகக் கட்டுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். அப்படிச் சமைத்தாலும் டிரெய்லருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்க வேண்டும்.

டியர்டிராப் டிரெய்லரில் சமையல் மேடை பின்பக்கம்தானே இருக்கிறது? அங்கே வைக்கலாம் அல்லவா?

அங்கே வைக்கலாம். 1930களிலிருந்தே அந்த வண்டிகளின் அமைப்பு இப்படித்தான்: முன்னால் படுக்கை, பின்னால் தூக்குக் கதவின் கீழே சமையல் மேடை. நின்றுகொண்டு சமைக்கிறவர் வெளியேதான் இருக்கிறார். ஆனாலும் சில விஷயங்கள். ஸ்டவ்வை மேடையின் உள்பக்கம் தள்ளாமல், இழுப்பறைச் சட்டத்தில் வைத்து முழுதாக வெளியே இழுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். சாம்பார் கொதிக்கும் ஆவியும் தாளிக்கும் எண்ணெயும் கதவின் உள்பக்க வார்னிஷை ஒரே கோடையில் பாழாக்கிவிடும் என்பது ஒரு காரணம்; தீயின் சூடு இன்னொன்று. ஸ்டவ்வுக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு. மேடைக்கும் படுக்கைக்கும் நடுவில் உள்ள பலகையில் இடுக்குகள் இருந்தால் அடைத்துவிடுங்கள்.

வண்டி சாய்ந்து நிற்கும்போது பற்றவைக்காதீர்கள், முதலில் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். எரிபொருள் ஊற்றுவது எப்போதும் வண்டியிலிருந்து தள்ளி, ஸ்டவ் ஆறின பிறகு. கிளம்பும்போது மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி இறுக்கிவிட்டு டாங்க்கைக் கழற்றுங்கள். அது பெட்டிக்குள்ளேயே அடங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மலைப் பக்கம் போனால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. ஸ்டவ்வில் கோளாறா?

ஸ்டவ் பாவம். உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். யெல்லோஸ்டோன் ஏரிக் கரை சுமார் 2,350 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். தீயைக் கூட்டினால் எரிபொருள்தான் தீரும், துவரம்பருப்பு அசையாது. குக்கர் கொண்டுபோங்கள். அல்லது பாசிப்பருப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ காலத்தில் தடை போடுகிறார்களே, அப்போது இதைப் பயன்படுத்தலாமா?

மேற்கு மாநிலங்களில் விறகுத் தீக்குத் தடை இருக்கும்போதும், வால்வைத் திருகினால் உடனே அணையும் கேஸ், திரவ எரிபொருள் ஸ்டவ்களுக்குப் பல இடங்களில் அனுமதி உண்டு. எல்லா இடத்திலும் அல்ல, எல்லாக் கட்டத்திலும் அல்ல. தடையின் கடுமை வாரத்துக்கு வாரம் மாறும். கேம்ப் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு, புரியாவிட்டால் ரேஞ்சரிடம் கேளுங்கள்.

சரிசெய்த ஸ்டவ்வை விமானத்தில் ஊருக்கு எடுத்துப்போக முடியுமா?

எரிபொருளின் வாடைகூட மிச்சமில்லாத ஸ்டவ்வை மட்டும்தான் விமானத்தில் அனுமதிப்பார்கள். பல வருடம் பெட்ரோல் குடித்த டாங்க்கை அந்த அளவுக்குக் கழுவுவது பெரும்பாடு, கழுவினாலும் கவுன்ட்டரில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கட்டாயம் வேண்டுமென்றால் டாங்க்கையும் ஜெனரேட்டரையும் இங்கேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள்.